மற்றக் கைபிடி

அண்ணா,

சில நாட்களாக என் தையல் அறையில் பழைய மஞ்சளும் கற்பூரமும் கலந்த ஒரு மணம் நிற்கிறது. யன்னலைத் திறந்துவிட்டால் நிலாவெளிக் கடற்காற்று அதைக் கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. புதுத் துணியின் கஞ்சி மணத்தையும் மெசினுக்கு விடும் எண்ணெயின் மணத்தையும் தாண்டி அது வருகிறது. உங்கள் சாமி அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் என் மூக்கில் அடித்த அதே மணம். அது பிடிக்காமல்தான் நான் எப்போதும் அறை வாசலோடு நின்றுவிடுவேன். இப்போது அது என் வீட்டுக்கே வந்து, ஹோட்டல்காரருக்குத் தைத்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது.

கோப்பை வந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், உங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டில் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம், உங்கள் மனைவி, மச்சாள், என்னை உள்ளே கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பிஸ்கற் ரின்னை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இது உங்களுக்குத்தானாம் மச்சாள். அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர். கோப்பைக்குள்ளை ஒரு முடிச்சு இருக்குது. அதை நீங்களே அவிழ்க்கோணுமாம். வேறை ஒருத்தரும் தொடக்கூடாதாம்."

"இருக்கேக்கை தர ஏலாமல் போச்சோ அவருக்கு?" என்று கேட்டேன்.

மச்சாள் அலுமாரியைப் பூட்டினார். சாவீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று உங்கள் மகள் முகத்தைச் சுளித்தாள். நான் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கோப்பையைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் உயிரோடு இருந்தபோதும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆள் போய்விட்டார் என்பதற்காகக் கேள்வியும் போய்விடுமா?

நீங்கள் அதைக் கும்பிட்டீர்கள். நான் அதை உற்றுப் பார்த்தேன். ஆதலால் உங்களை விட எனக்கு அதைக் கூடுதலாகத் தெரியும் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஒரு சாண் உயரம். விரிந்த பாதம், ஒடுங்கிய கழுத்து, அதன்மேல் அகன்ற வயிறு. வாய் ஒரு நடுத்தரத் தேங்காய் இருந்துகொள்ளும் அளவு. வயிற்றின் இரண்டு பக்கமும், கைபிடிகள் இருந்த இடத்தில், மேலொன்று கீழொன்றாகத் தழும்புகள். பாதத்தின் அடியில் வரிசையாகச் சிறு முத்திரைகள்: நடந்து போகிற ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், ஓர் எழுத்து, பிறகு தேய்ந்துபோன என்னவோ ஒன்று.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில் எங்கள் பூட்டன் கப்பல்களுக்கும் இறங்குதுறைக்கும் நடுவே சாமான் ஏற்றும் தோணி விட்டவர். அவருக்கு ஒரு துரை கொடுத்தது இந்தக் கோப்பை. இதுவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கதைதான். ஏன் கொடுத்தான் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை. கடலில் விழுந்த துரையைப் பூட்டன் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார் என்பார் அப்பா. துரையின் பெண்சாதிக்குக் காய்ச்சல் வந்தபோது பூட்டி மூலிகைக் குடிநீர் அவித்துக் கொடுத்தா என்பா அம்மா. நீங்கள் கொஞ்சம் படித்த பிறகு, அது படகுப் போட்டிக்கு வைத்த கோப்பை, துரை ஊருக்குப் போகும்போது பாரம் குறைக்கக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான் என்றீர்கள். உங்கள் கதையைத்தான் நான் கொஞ்சமாவது நம்பினேன். ஆனால் துரையின் பெயர் என்ன என்று கேட்டால் மூன்று பேரும் ஒன்றாக வாயை மூடிக்கொள்வீர்கள்.

பெயர் அதில் இருந்தது. அது எங்கே போனதென்றும் எனக்குத் தெரியும்.

நவராத்திரிக்கு முந்தின நாள் பாத்திரம் விளக்குகிறது எங்கள் இருவருக்கும் கொடுக்கிற வேலை. கிணற்றடியில் இருப்போம். பித்தளைக்குப் பழப்புளி, வெள்ளிக்குத் திருநீறு. குத்துவிளக்கும் தாம்பாளமும் என் பங்கு. கோப்பை உங்கள் பங்கு. ஈரத்துணியில் திருநீற்றைத் தொட்டுத் தொட்டு, தேவாரம் ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டு, நீங்கள் அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். உங்களுக்கு முன் அப்பா தேய்த்தார். அவருக்கு முன் அவருடைய தகப்பன். சாராயம் ஊற்றிக் குடிப்பதற்குச் செய்த ஒரு கோப்பையில் தண்ணீர் நிறைத்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்துக் கும்பமாக்கி, அம்பாளை அதில் இருத்தினோம். கைபிடி இல்லாததால்தான் மாவிலை சுற்றிவர வடிவாய் நிற்குது என்று நீங்கள் பகிடியும் விடுவீர்கள். பூட்டனுக்குக் கிடைத்த நாளில் ஆழமாக வெட்டியிருந்த பெயர், வருடத்துக்கு வருடம் எங்கள் பக்தியில் கரைந்து போனது. கள்ளன் எடுக்கவில்லை, நெருப்புத் தின்னவில்லை. திருநீறு தின்றது. உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடந்திருக்குமா என்று எனக்கு அறிய ஆசை.

உங்களிடம் சொன்னேன். "பேர் போனால் என்ன, கோப்பை இருக்குதுதானே" என்றீர்கள். உங்களுக்கு எல்லாமே அப்படித்தான்.

என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிய வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. அம்மா நாரி நோவில் இடுப்பை நிமிர்த்த ஏலாமல் படுத்துவிட்டா. குசினிக்கு ஆள் தேவை. நீங்கள் பேராதனைக்குப் போக வேண்டியவர். வகுப்பில் என்னை விடக் கெட்டிக்காரி இல்லை என்று ரீச்சர் வீடுவரைக்கும் வந்து சொல்லிப் பார்த்தா. அப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த வருட நவராத்திரிக்கு நீங்கள் ஊரில் இல்லை. முதன்முதலாகக் கோப்பை என் கைக்கு வந்தது.

தேய்க்கும்போதுதான் தழும்புகள் விரலில் தட்டுப்பட்டன. ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட நேரம் ஒரு துண்டு பறந்து வந்து இரண்டு கைபிடியையும் பிய்த்துக்கொண்டு போனது என்று அப்பா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஒரு குண்டுத் துண்டு எப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிய்க்கும்? அப்போது நான் தையல் பழகத் தொடங்கிவிட்டேன். கிழிந்த துணிக்கும் வெட்டிய துணிக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தழும்பு கிழிந்ததல்ல. அறுத்தது. வாள் போய்வந்த வரிகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. அப்பா டொக்யாட்டில் கப்பல் பொறி பூட்டும் பிற்றர். இரும்பு அறுக்கும் வாள் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது.

கோப்பையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, இது குண்டில்லை, வாள் என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போய் வேலையைப் பார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எப்போதோ அறுத்து ஒளித்து வைத்திருந்த கைபிடிகளை விற்றுத்தான் உங்களைப் படிக்க அனுப்பினார்கள். என் பள்ளிக்கூடமும் பூட்டனின் வெள்ளியும் சேர்ந்து உங்கள் பெட்டிக்குள் போயின. விடுமுறைக்கு வந்தபோது உங்களிடம் நேரே கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "குண்டுதான் பட்டது பிள்ளை" என்றீர்கள். பொய் சொல்லும்போது உங்களுக்கு இடது காது சிவக்கும். அன்றைக்குச் சிவந்தது.

அந்தச் சிவந்த காதை வைத்துக்கொண்டு என் ஆயுளில் பெரும்பகுதியைப் போக்கினேன்.

பிறகு நானாகவே படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு, பால்மா ரின்னிலும் நூல்கட்டைப் பெட்டியிலும் இருந்த இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பட்டணத்து நூலகத்தில், பழைய வெள்ளிச் சாமான்களின் முத்திரைகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அங்கேயே இருந்து வாசித்தேன். சிங்கம் என்றால் சுத்த வெள்ளி. எழுத்து என்றால் வருடம். நங்கூரம் என்றால் பேர்மிங்ஹாம் என்ற ஊரில் முத்திரை குத்தியது. அந்த ஊரைத் தேசப்படத்தில் தேடிப் பிடித்தேன். வெள்ளைக்காரன் நாட்டின் நடுவயிற்றில் கிடக்கிறது. ஒரு சொட்டுக் கடல் இல்லை.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. நங்கூரம் இருக்குது, அதனால் கடற்படைக்கென்றே செய்த கோப்பை என்று நீங்கள் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அளந்துகொண்டிருந்தீர்கள். அன்றைக்கே நேரே ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறி வந்து, நீங்கள் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே சொன்னேன். பேப்பரை மடித்து மடியில் வைத்தீர்கள்.

"கடலே இல்லாத ஊர்க்காரன் நங்கூரத்தைக் குத்தியிருக்கிறானெண்டால், அவனும் எங்களைப் போலை கண்ணால காணாத ஒண்டை நம்பினவன்தான்."

மச்சாள் குசினிக்குள் நின்று சிரித்தார். நான் தேத்தண்ணி குடிக்காமல் இறங்கிப் போய்விட்டேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளிக்கு வருவீர்கள். இறக்கக்கண்டிப் பக்கம் கரைவலை இழுக்கிற நாளென்றால் அங்கே இறங்கி மீன் வாங்கிக்கொண்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம் வருவீர்கள். மீன் வெட்டும்வரைக்கும் சண்டை இருக்காது. சாப்பிட்ட பிறகு தொடங்கும். நான் வாள் என்பேன், நீங்கள் குண்டு என்பீர்கள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லுவீர்கள். "ஒருக்கா என்னோடை அம்மன் கோயிலுக்கு வா பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை."

நான் வரமாட்டேன். பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டின நாளிலிருந்து நான் எந்தக் கோயில் படியும் மிதித்ததில்லை. படிக்க வை என்று அந்த அம்மனிடம்தான் அழுதேன். அவ கேட்கவில்லை, நானும் போகவில்லை. அம்மா சாகும்வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தா. கடைசிக் காலத்தில் என் கையைப் பிடித்து, "ஒருநாள், உன்ரை கையால" என்று மட்டும் சொன்னா. என் கையால் பூப்போட வேண்டும் என்று நினைக்கிறா என்று எண்ணினேன். அம்மாவுக்கே அசையாதவள், நீங்கள் செருப்புப் போடும்போது கூப்பிட்டால் வருவேனா?

முடிச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் துணியில் முடிந்து கோப்பைக்குள் எப்போதும் கிடக்கும். கும்பம் வைக்கும் நாட்களில் மட்டும் எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பீர்கள். அம்மா வைத்த நேர்த்தி, அவிழ்க்கக்கூடாது என்பீர்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கும், உள்ளே ஒரு சல்லிக்காசு இருக்கும். அதை நான் பொருட்படுத்தவே இல்லை. சண்டைக்குப் பயந்து ஊரே ஓடின அந்த நாளில், நீங்கள் வீட்டுத் திறப்பையும் பிள்ளைகளின் உடுப்பையும் விட்டுவிட்டு, சேட்டுப் பொக்கற்றுக்குள் அந்த முடிச்சையும் கக்கத்துக்குள் கோப்பையையும் வைத்துக்கொண்டு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தீர்கள். நான் அங்கேயே, எல்லோரும் பார்க்க, சிரித்தேன். "ஒரு சல்லிக்காசைக் காப்பாத்திப்போட்டார் என்ரை அண்ணர்" என்றேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். பொக்கற்றை மட்டும் கையால் பொத்திக்கொண்டீர்கள். ஏன் பொத்தினீர்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு கேள்வி கேட்ட நான் அதை மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே முடிச்சை அவிழ்த்தேன். துணி மடிப்புகளில் பொடிந்து விழுந்தது. உள்ளே சல்லிக்காசு இல்லை. இரண்டு வெள்ளிக் கண்கள் இருந்தன.

கோயிலில் நேர்த்திக்குப் போடுகிற தகட்டுக் கண்கள்தான். கால் நோ என்றால் வெள்ளிக் கால், கண் நோ என்றால் வெள்ளிக் கண். கடையில் விற்கிறது பேப்பர் மாதிரி மெல்லியதாக இருக்கும். இவை தடிப்பு, பாரம். கையால் அடித்தவை. புருவத்துக்கு ஒரு கோடு, கருமணிக்கு ஒரு வட்டம். ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் அகலம்.

என் குணம் தெரியும்தானே. யன்னலடிக்குக் கொண்டுபோய், எம்பிராய்டரிக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தேன். இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வலது கண்ணால் பார்த்தேன். முன்பக்கத்தில் சுத்தியல் பட்ட தடங்கள். திருப்பினேன். ஒரு தகட்டின் ஓரத்தில் ஏதோ ஒரு மிருகத்தின் வாலும் பின்னங்கால்களும். மற்றதன் ஓரத்தில் ஒரு தலையும் தூக்கிய ஒரு முன்கையும். அடிபட்டு நீண்டு, சிங்கம் நாயைப் போல் ஆகியிருந்தது. இரண்டு தகட்டையும் ஓரத்தோடு ஓரம் வைத்தேன். நடந்து போகிற சிங்கம்.

கைபிடியைத் தனியாகச் செய்து ஒட்டினால் அதிலும் சிறிதாக ஒரு முத்திரை குத்துவார்கள் என்று அந்தத் தடித்த புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். கோப்பையைக் கவிழ்த்து வைத்து, பாதத்துச் சிங்கத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே வீட்டுச் சிங்கங்கள்.

தைக்க வேண்டிய சட்டைகள் அப்படியே கிடந்தன. அடுத்த பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை மூச்சு வாங்க ஏறி, மச்சாளின் முன்னால் அந்தக் கண்களை வைத்தேன். இது ஆருக்கு என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான்" என்றார்.

அவருக்கு நீங்கள் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். எனக்கு மூன்று வயதில் அம்மாள் வருத்தம் வந்ததாம். கொப்புளம் கண்ணுக்குள்ளும் போய், இமை ஒட்டி, திறக்கவே இல்லையாம். அந்த வருத்தக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அம்மாள் கோவிப்பா என்று வேப்பிலை விரித்து வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். பிள்ளைக்குக் கண் திறந்தால் வெள்ளிக் கண் போடுவேன் என்று அம்மா நேர்ந்தாவாம். வீட்டில் இருந்த வெள்ளி கோப்பை ஒன்றுதான். அப்பா கதவுக்குப் பின்னால் இருந்த வாளை எடுத்தாராம். நீங்கள்தான் கோப்பையை ஆடாமல் பிடித்துக்கொண்டீர்களாம்.

"பூட்டன்ரை சாமானை வெட்டினது சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாதெண்டு மாமா உங்கடை அண்ணரிட்டைச் சத்தியம் வாங்கினவராம்," என்றார் மச்சாள். "அதாலைதான் குண்டுக் கதை."

"சரி. கண் திறந்ததுதானே. ஏன் கோயில்லை போடேல்லை?"

"நேர்த்தி ஆருக்கோ அவைதான் தங்கடை கையால போடோணும் எண்டு மாமி நேர்ந்தவவாம். கொஞ்சம் வளரட்டும், தானாய் நடந்து வந்து போடட்டும் எண்டு வைச்சிருந்தவ." மச்சாள் வெள்ளிக் கண்களை என் பக்கம் நகர்த்தினார். "நீங்கள் வரேல்லை."

"சொல்லியிருந்தால் வந்திருப்பன்."

"வந்திருப்பியளோ?"

உங்கள் மனைவி கெட்டிக்காரி. இத்தனை வருடம் உங்களோடு இருந்து என்னைப் படித்திருக்கிறார். சொன்னால் அதையும் ஒரு வழக்காக்கி, சிரித்து, நான் கேட்டேனா நேரச் சொல்லி என்று கேட்டிருப்பேன் என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஓம், கேட்டிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டு என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் பார்க்க ஒரு சந்தர்ப்பத்தைக்கூட நீங்கள் தரவில்லை. அதற்கு நான் உங்களை மன்னிக்கப்போவதில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். வாள் என்று முதலில் சொன்னவள் நான். அதைக் கண்டுபிடித்த கண்கள் எவை என்று தெரிந்துகொண்டே நீங்கள் முன்னால் இருந்து, காது சிவக்க, குண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உள்ளுக்குள் எப்படி இருந்திருக்கும் உங்களுக்கு? சிரிப்பு வந்திருக்குமா? பூதக்கண்ணாடியோடு நான் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரமெல்லாம் நீங்கள் கோப்பையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பகிடி பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன்.

பஸ்ஸுக்குப் போகுமுன் மச்சாளிடம் இன்னொன்றும் கேட்டேன். இரண்டு கண்ணும் ஒரே கைபிடியில் அடித்தவை. சிங்கம் அதற்குச் சாட்சி. அப்படியென்றால் மற்றக் கைபிடி எங்கே?

"அது எனக்குத் தெரியாது மச்சாள்" என்றார். அவருக்குக் காது சிவக்கவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். பக்தி வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அம்மா சொன்னது ஒன்று முடிக்காமல் கிடக்கிறது, நான் தையல்காரி, விளிம்பு தைக்காத துணியை மேசையில் வைத்திருக்க ஏலாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தபோது கல் சுட்டது. அது மட்டும் அந்த நாளில் இருந்ததைப் போலவே இருந்தது. சனம் கன பேர் இல்லை. என் முறை வந்ததும் வால் பக்கத்துக் கண்ணை மட்டும் தட்டில் வைத்தேன்.

ஐயர் இளம் ஆள். எடுத்துப் பார்த்துவிட்டு, "மற்றதையும் வையுங்கோ அம்மா. சோடியாய்ப் போடுறதுதான் வழமை" என்றார்.

"மற்றது எனக்கு வேணும்."

"நேர்த்தியைக் குறையாய் விடக்கூடாது."

"அம்மாளுக்கு ஏற்கெனவே ரெண்டு கண் இருக்குது ஐயா. என்னட்டைத்தான் ஒண்டு பழுது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை உள்ளே கொண்டுபோய்ச் சாத்தினார். ஆரின்ரை பேரிலை என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். ஐயர் காட்டிய தீபம் அசைந்தபோது என் வெள்ளியும் அங்கே ஒரு நொடி மினுங்கியது. எந்தத் துரையோ குடித்துக் கொண்டாடிய கோப்பையின் ஒரு துண்டு. அவனுடைய பெயரை நாங்கள் தேய்த்து அழித்துவிட்டோம். அவனுடைய சிங்கத்தின் வால் அம்மனின் முகத்தில் இருக்கிறது. அவனுக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருந்தால் என்ன சொல்லுவான் என்று யோசித்தபடி வெளிவீதியைச் சுற்றினேன். கும்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

இப்போது கோப்பை என் மேசையில்தான் இருக்கிறது. இனி அதைத் திருநீற்றால் தேய்க்க ஒருவரையும் விடமாட்டேன். காலையில் வெயில் சரிந்து விழும்போது வயிற்றில் இரண்டு எழுத்தின் நிழல் தெரிகிறது. ஒன்று நேராக நிற்கிறது, அடுத்தது வளைகிறது. ஒப்பரேசன் முடிந்தால் மூன்றாவதும் தெரியலாம். கண்டுபிடிப்பேன்.

சிங்கத்தின் தலை உள்ள கண்ணைப் புதுத் துணி ஒன்றில் முடிந்து கோப்பைக்குள் போட்டிருக்கிறேன். பட்டணத்துக்குப் போகிற நாட்களில் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் நெரிசல் என்றால், என்னை அறியாமல் கை போய் அதைப் பொத்திக்கொள்கிறது, நீங்கள் அன்றைக்குப் பொத்தின மாதிரியே.

கண்ணைப் பற்றி நீங்கள் மறைத்தது சரி, அது அப்பாவின் சத்தியம். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பேராதனைக்குப் போன நாளில் உங்களிடம் ஒரு புதுத் தோல் பெட்டி இருந்தது, அண்ணா. பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டி. அப்பாவின் சம்பளத்தில் அது வாங்க ஏலாது. எனக்கு நல்லாய் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதற்குள் உடுப்பு மடித்து வைத்தது நான்தான்.

மற்றக் கைபிடி எங்கே?

உங்கள் தங்கச்சி